கருவிக்கு முன் வந்த கணக்கு

நெய்வேலியில் தரை சும்மா இருந்ததே இல்லை. மேல்மண்ணைத் தளர்த்த வைக்கும் வெடி, இரவு பகலாகச் சுழலும் பக்கெட் வீல், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர், பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி முட்டும் நீரை ஓயாமல் இறைக்கும் பம்புகள், அனல்மின் நிலையத்து டர்பைன்கள். இவை போதாதென்று கிழக்கே கரையை மோதிக்கொண்டேயிருக்கும் வங்கக்கடல். உலகத்திலேயே நுட்பமான அதிர்வு அளவி ஒன்றை எங்கே வைக்கக்கூடாது என்று பட்டியல் போட்டால், நம் நகரியத்துக்கு அதில் நிச்சயம் முன்வரிசை இடம் உண்டு.

அப்படியிருக்க, ஈர்ப்பலையைத் தேடும் ஓர் ஆய்வுக் குழுவின் வரலாறு நம் ஊர் விழா மலரில் எதற்கு? காரணம் எளிது. அந்தக் குழுவின் கதை, கருவி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான கணக்கைப் போட்டு வைத்தவர்களின் கதை. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்தது 1930களில். நிறுவனம் உருவானது 1956இல். சுரங்கம் வெட்டத் தொடங்கியது 1957இல். நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல், மின்சாரம் வந்தது 1962இல். கிணற்றுக்கும் மின்விளக்குக்கும் நடுவில் இருந்ததெல்லாம் துளையிடல், அறிக்கை, குழு, மறு அறிக்கை. இந்த நடுக்காலத்தின் மதிப்பு நம் ஊர்க்காரருக்கு விளங்கும் அளவுக்கு வேறு யாருக்கும் விளங்காது என்பது என் எண்ணம்.

ஈர்ப்பலை என்பது என்ன என்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நிறை உள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கிறது, அந்த வளைவைத்தான் ஈர்ப்பு என்கிறோம் என்றார் ஐன்ஸ்டைன். நிறைகள் வேகமாக இடம் மாறினால் வளைவும் மாற வேண்டும். அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் அலையாகப் பரவ வேண்டும். 1916இல் அவர் இதை எழுதினார். ஆனால் அலையின் அளவு நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியது. சூரியனைப் போல் முப்பது மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால், நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் நம்மிடம் வந்து சேரும்போது, நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குழாயின் நீளத்தை அந்த அலை ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு மட்டுமே மாற்றும். ஐன்ஸ்டைனுக்கே இதை யாரும் ஒருநாள் அளப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கவில்லை.

இந்தியாவில் ஐன்ஸ்டைனின் இந்தப் பொதுச்சார்புக் கொள்கைக்கு ஒரு பழைய பரம்பரை உண்டு. ஒளி உமிழும் விண்மீனைச் சுற்றியுள்ள ஈர்ப்புப் புலத்துக்கு 1943இல் தீர்வு கண்ட பி.சி. வைத்யா, 1955இல் தம் பெயரால் வழங்கும் சமன்பாட்டைத் தந்த அமல்குமார் ராய்சௌத்ரி ஆகியோர் அதன் முன்னோடிகள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், முதிய வயதில் கருந்துளைகளின் கணிதத்தை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். தரமணியில் இன்று இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை அல்லாடி ராமகிருஷ்ணன் 1962 ஜனவரியில் உருவாக்கியபோது, மாநிலக் கல்லூரியில் நடந்த விழாவில் அதைத் தொடங்கிவைத்தவரும் இதே சந்திரசேகர்தான். நம் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுத்ததும் அதே ஆண்டு. இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விழா மலர் எழுதுபவனுக்கு இப்படி ஒரு தற்செயல் கிடைத்தால் விட மனம் வருவதில்லை.

நம் கதைக்கு நேரடியாகத் தொடர்புள்ள முதல் பெயர் சி.வி. விஸ்வேஸ்வரா. பெங்களூர்க்காரர். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மிஸ்னரிடம் ஆய்வு செய்தார். கருந்துளையை ஏதாவது ஒன்று இடித்தால் என்ன ஆகும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அப்போது கருந்துளை என்ற ஒன்று இருக்கிறதா என்பதே பலருக்கு ஐயம். விஸ்வேஸ்வரா கணினியில் கணக்குப் போட்டு, இடிபட்ட கருந்துளை சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் அதிர்ந்து, அந்த அதிர்வு விரைவாகத் தேய்ந்து அடங்கும் என்று 1970இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த அதிர்வெண்ணும் தேயும் வேகமும் கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தவை. பிற்பாடு அவர் பெங்களூரில் நேரு கோளரங்கத்தைக் கட்டியெழுப்பினார். குழந்தைகளுக்கு வானம் காட்டும் ஓர் அதிகாரியாகவே அவரைப் பலர் அறிந்திருந்தனர். 2017 ஜனவரியில் காலமானார். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர், தாம் சொன்ன அந்த அதிர்வைக் கருவி கேட்டுவிட்ட செய்தி அவரை எட்டியிருந்தது.

குழு என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது 1980களின் இறுதியில்தான். இரண்டு நகரங்களில், இரண்டு வெவ்வேறு கேள்விகளோடு.

புணேயில் ஜயந்த் நார்லிகர் தலைமையில் தொடங்கிய ஐயூகா மையத்தில் சஞ்சீவ் துரந்தர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கருவி தரும் பதிவு முழுக்க இரைச்சல். அலை அதற்குள் புதைந்து கிடக்கும். எப்படிப் பிரிப்பது? நம் சுரங்கத்தில் கன்வேயர் ஓரமாக நடந்துபோகும் அனுபவமுள்ள மெக்கானிக், அத்தனை சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு ரோலரின் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அவர் காது மற்றவர் காதைவிடக் கூர்மை என்பதில்லை. போகிற பேரிங் எப்படிக் கத்தும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். துரந்தர் குழுவின் வழியும் அதுதான். வரப்போகும் அலையின் வடிவத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பதிவின் மேல் அந்த வடிவத்தை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தும் இடத்தில் அலை இருக்கும்.

ஆனால் வரப்போவது எந்த நிறையுள்ள இணை என்று யாருக்குத் தெரியும்? பத்துச் சூரிய நிறையா, ஒன்றரையா, முப்பதா? ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு. ஆகவே ஆயிரக்கணக்கான அச்சுகள் வேண்டும். அச்சுகளை நெருக்கமாக வைத்தால் கணினி திணறும். இடைவெளி விட்டு வைத்தால் அலை நடுவில் நழுவிவிடும். எத்தனை வைக்கலாம், எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதற்குத் துரந்தரும் பி.எஸ். சத்தியபிரகாஷும் 1991இல் வழி சொன்னார்கள். அப்போது அமெரிக்காவின் லைகோ கருவிக்கு அடிக்கல்கூட விழவில்லை. கருவி இல்லாத ஒன்றின் தரவை எப்படிச் சலிப்பது என்று புணேயில் உட்கார்ந்து எழுதியவர்களை, அந்நாளில் சக இயற்பியலாளர்களே கொஞ்சம் விநோதமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

இரண்டாவது கேள்வி பெங்களூரில், சர் சி.வி. ராமன் தொடங்கிய ராமன் ஆய்வு நிறுவனத்தில் எழுந்தது. அச்சுகள் வேண்டும் சரி. அச்சின் வடிவத்தை யார் கணக்கிடுவது? ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கனமான பொருள்கள் ஈர்ப்பலையாக ஆற்றலை இழந்து நெருங்குகின்றன. நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட நியூட்டனின் கணக்குப் பிசகுகிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை நேராகத் தீர்க்க முடியாது. எனவே திருத்தம், அதற்கு மேல் திருத்தம், அதற்கும் மேல் ஒரு திருத்தம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடப் பல மடங்கு நீளம்.

பாலா அய்யர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் படிகளில்தான் செலவிட்டார். பிரான்சின் லூக் பிளான்ஷே, திபோ தமூர் ஆகியோருடன் சேர்ந்து இரண்டாம் படித் திருத்தத்தை அவர் முடித்தார். அதே கணக்கை அமெரிக்காவின் கிளிஃபர்ட் வில், ஆலன் வைஸ்மன் இருவரும் முற்றிலும் வேறொரு முறையில் போட்டார்கள். விடை ஒன்றாகவே வந்தது. 1995இல் ஐவரும் சேர்ந்து ஒரே கட்டுரையாக அதை வெளியிட்டனர். போட்டிக் குழுக்கள் இரண்டு, தத்தம் முறையில் வந்து ஒரே எண்ணில் சந்தித்து, ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை. அடுத்த பத்தாண்டில் மூன்றாம் படியும் முடிந்தது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் நெருங்கும்போது கருவியின் செவிக்கு எட்டும் அலையில் மூவாயிரம் சுற்றுகள் இருக்கும். அச்சு அதில் ஒரு சுற்றுப் பிசகினாலும் பொருத்தம் குலைந்துவிடும். மூவாயிரத்தில் ஒன்று தப்பக்கூடாது என்றால் எத்தனை படி ஏற வேண்டும் என்பதைப் படிப்பவரே யூகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பெங்களூர்க் கிளையிலிருந்துதான் சென்னைக் குழு முளைத்தது. அய்யரிடம் ஆய்வுப் பட்டம் பெற்ற கே.ஜி. அருண், வெளிநாட்டு ஆய்வுகளுக்குப் பின் சென்னைக் கணிதக் கழகத்துக்கு வந்தார்.

அந்தக் கழகத்தைப் பற்றியும் நாலு வரி சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் பிறந்த கணித மேதை சி.எஸ். சேஷாத்ரி, ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையில் ஒரு கணிதப் பள்ளியாக 1989இல் அதைத் தொடங்கினார். ஓர் உரக் கம்பெனியின் நிழலில் தூய கணிதம் வளர்ந்தது என்றால் வெளியூர்க்காரருக்கு வியப்பாக இருக்கும். நிலக்கரிக் கம்பெனியின் நிழலில் பள்ளியும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் வளர்ந்த நமக்கு அதில் வியப்பில்லை. தி. நகரில் இருந்த கழகம் 2005இல் சிறுசேரிக்கு இடம் மாறியது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, அளவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை ஒத்த வளாகம். உள்ளே லேசரும் கிடையாது, வெற்றிடக் குழாயும் கிடையாது. கரும்பலகையும் கணினியும்தான்.

சென்னைக் குழு எடுத்துக்கொண்ட கேள்வி மூன்றாவது வகை. அலை கிடைத்துவிட்டால், ஐன்ஸ்டைன் சொன்னது சரியா என்பதை அதைக் கொண்டே எப்படிச் சோதிப்பது? அருண், அய்யர், கசைலா, சத்தியபிரகாஷ் நால்வரும் 2006இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். அய்யர் வாழ்நாளெல்லாம் ஏறிய அந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஐன்ஸ்டைன் கொள்கை ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்களை அப்படியே நம்பாமல், ஒவ்வொன்றையும் அவிழ்த்துவிட்டு, கிடைத்த அலையிலிருந்தே அளந்து பார்ப்பது என்பது அவர்கள் யோசனை. எல்லா எண்களும் கொள்கையோடு ஒத்துப்போனால் ஐன்ஸ்டைன் தேர்ச்சி. ஒன்று பிசகினாலும் புது இயற்பியல். 2006இல் சோதிக்க ஓர் அலைகூடக் கைவசம் இல்லை என்பதை மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சிதறிக்கிடந்த இந்தக் கிளைகளை ஒரு கூட்டமைப்பாக்கியது 2009இல். இண்டிகோ என்று அதற்குப் பெயர். விமான நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மும்பை டாட்டா ஆதார ஆய்வு நிறுவனத்தின் சி.எஸ். உன்னிகிருஷ்ணன் போன்ற சோதனை இயற்பியலாளர்கள் இதில் சேர்ந்த பிறகுதான், காகிதத்தில் இருந்தவர்களுக்கு இரும்பையும் கண்ணாடியையும் பற்றிப் பேசும் துணிவு வந்தது. 2011இல் இந்தியக் குழு லைகோ அறிவியல் கூட்டமைப்பில் இடம் பெற்றது. அந்தச் சமயத்தில்தான் ஒரு வாய்ப்பு கதவைத் தட்டியது. லைகோ தன் மேம்பட்ட கருவிகளில் மூன்றாவதை அமெரிக்காவுக்கு வெளியே வைக்க விரும்பியது. முதலில் கேட்டது ஆஸ்திரேலியாவை. அவர்கள் பணம் ஒதுக்க முடியாதென்று விலகினார்கள். அடுத்த பெயர் இந்தியா.

இந்தியாவை ஏன் கேட்டார்கள்? நட்பு ஒரு காரணம். பூகோளம் பெரிய காரணம். அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை ஒரு கருவி சொல்லாது. வெவ்வேறு கருவிகளை அலை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டே திசையைக் கணிக்க முடியும். கருவிகள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். அமெரிக்காவுக்குப் பூமியின் மறுபக்கத்தில் ஒன்று வந்தால் வானத்தில் தேட வேண்டிய பரப்பு பல மடங்கு சுருங்கும்.

கோப்புகள் டெல்லியில் நகர்ந்துகொண்டிருந்தன. மெதுவாக.

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை, இந்திய நேரம் பிற்பகல் 3.20. லூசியானாவின் லிவிங்ஸ்டனில் உள்ள கருவி ஓர் அதிர்வைப் பதிந்தது. ஏழு மில்லி விநாடி கழித்து, மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் இருக்கும் கருவியும் அதே வடிவத்தைப் பதிந்தது. கால் விநாடிக்கும் குறைவான சமாசாரம். முறையான கண்காணிப்பு ஓட்டம் தொடங்கவே இன்னும் சில நாள் இருந்தது. முப்பத்தாறு சூரிய நிறையும் இருபத்தொன்பது சூரிய நிறையும் கொண்ட கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கலந்து அறுபத்திரண்டு ஆயின. விடுபட்ட மூன்று சூரிய நிறை, முழுக்க ஈர்ப்பலை ஆற்றலாகப் போய்விட்டது.

2016 பிப்ரவரி 11 அன்று செய்தி உலகுக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்புக் கட்டுரையின் ஆயிரத்துச் சொச்சம் ஆசிரியர்களில் ஒன்பது இந்திய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே நிறுவனம் சிறுசேரியில் உள்ள அந்தக் கரும்பலகைக் கழகம். உடன் வந்த இன்னொரு கட்டுரை ஐன்ஸ்டைன் கொள்கையை அந்த அலையைக் கொண்டு சோதித்தது. பத்தாண்டுக்கு முன் வகுத்த அந்த எண்களை அவிழ்க்கும் வழியின் வழித்தோன்றல் அதில் பயன்பட்டது. ஐன்ஸ்டைன் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டு நோபல் பரிசு ரைனர் வைஸ், கிப் தோர்ன், பேரி பாரிஷ் மூவருக்கும் போயிற்று. பரிசு விதி மூவருக்குமேல் இடம் தராது.

டெல்லியில் கோப்பு இப்போது வேகம் பிடித்தது. அறிவிப்பு வந்த ஆறாம் நாள், பிப்ரவரி 17 அன்று, மத்திய அமைச்சரவை லைகோ இந்தியாவுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கொள்கை அளவில் என்ற சொல்லின் கனம் அரசாங்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முழு ஒப்புதலும் 2,600 கோடி ரூபாயும் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தன. ஏழு ஆண்டு.

தேர்ந்தெடுத்த இடம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், நாகநாதர் கோயில் இருக்கும் ஔண்டாவை அடுத்த பகுதி. கடலிலிருந்து தொலைவு, தக்காணத்துக் கெட்டிப் பாறை, பெரிய ஆலையோ சுரங்கமோ இல்லாத அமைதி ஆகியவையே அதன் தகுதிகள். நம் ஊருக்கு இல்லாதவை அத்தனையும். அங்கே இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும். நடுவில் ஒரே லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரு குழாய்களிலும் அனுப்புவார்கள். நாற்பது கிலோ எடையுள்ள சிலிக்காக் கண்ணாடிகளுக்கு இடையே ஒளி சுமார் முந்நூறு முறை போய் வந்து, மறுபடி ஒன்றுசேரும். இரு குழாய்களின் நீளமும் மாறாதிருந்தால் அலைகள் ஒன்றையொன்று அழித்து இருட்டாகும். ஒன்று இம்மியளவு நீண்டாலும் வெளிச்சம் கசியும். கண்ணாடிகள் நான்கு அடுக்கு ஊசலில் தொங்கும், தரையின் நடுக்கம் அவற்றைத் தீண்டாதபடி. இந்தூரின் ராஜா ராமண்ணா மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், புணேயின் ஐயூகா, அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு ஆகியவை பொறுப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் முடிப்பது இலக்கு.

இடம் என்றதும் ஒரு குறிப்பு. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் ஒப்புதல் கிடைத்தும், மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் வேலை நகரவில்லை. அறிவியல் பெரிது என்பதை மட்டும் சொல்லி ஓர் ஊரின் மண்ணைக் கேட்க முடியாது. நிலம் கொடுத்தவர்களின் வீடுகள் எந்தப் பக்கம் போயின என்று நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கேட்டால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

சென்னையில் குழு இப்போது ஒரு வளாகத்தோடு நிற்கவில்லை. ஐஐடி மெட்ராஸ் இயற்பியல் துறையில் சந்திரகாந்த் மிஸ்ரா, அருணோடும் அய்யரோடும் முன்னரே கட்டுரைகள் எழுதியவர், தனி அணி நடத்துகிறார். தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் மஞ்சரி பாக்சி ஈர்ப்பலையை வேறு விதமாகத் தேடும் குழுவில் இருக்கிறார். அவர்கள் கருவி குழாய் அல்ல, விண்மீன்கள். துடிவிண்மீன்கள் கடிகாரம்போல் சீராகத் துடிப்பவை. அந்தச் சீரில் பல ஆண்டுகளாகத் தோன்றும் நுண்ணிய பிசகுகளைச் சேர்த்துப் பார்த்தால், கோடிக்கணக்கான சூரிய நிறையுள்ள பெருங்கருந்துளை இணைகள் எழுப்பும் மிக நீளமான அலைகள் தெரியும். புணேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் உள்ள முப்பது ஆண்டெனாக்களின் தரவோடு, ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து 2023 ஜூனில் அதற்கான சான்றை வெளியிட்டன. அந்த ஆண்டெனாக்களையும், அதற்கு முன் 1970இல் ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவிலேயே சாய்த்து நிறுத்திய தொலைநோக்கியையும் உருவாக்கியவர் ஒருவரே, கோவிந்த் ஸ்வரூப்.

2025 ஜனவரி 14 அன்று, நமக்குப் பொங்கல் நாள், லைகோவில் மிகத் தெளிவான ஓர் அலை பதிவானது. முதல் அலையைப் போன்ற நிறைகள்தான். பத்தாண்டில் கருவி அவ்வளவு மேம்பட்டிருந்ததால் இரைச்சலுக்கு மேல் அது பளிச்சென்று நின்றது. கலந்து உருவான கருந்துளை அதிர்ந்து அடங்கியதில் ஒன்றுக்கு மேற்பட்ட தொனிகளைப் பிரித்துக் கேட்க முடிந்தது. சுழலும் கருந்துளை எப்படி அதிர வேண்டுமோ அப்படியே அதிர்ந்தது. விஸ்வேஸ்வராவின் கட்டுரைக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

இதுவரை பதிவான நிகழ்வுகள் இருநூறைத் தாண்டிவிட்டன. லைகோவின் தரவுகள் ஆய்வுக் காலம் முடிந்ததும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைக்கப்படுகின்றன. 2015 செப்டம்பர் 14 அன்றைய முப்பத்திரண்டு விநாடித் துண்டும் அதில் உண்டு. ஓரளவு பைதான் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், வட்டத்துக் குவார்ட்டர்ஸில் சாதாரண மடிக்கணினியை வைத்துக்கொண்டே, துரந்தரும் சத்தியபிரகாஷும் சொன்ன வழியில் அச்சைப் பொருத்தி அந்த அலையைத் தாமே எடுத்துப் பார்க்கலாம். செய்முறைக் குறிப்புகளும் அங்கேயே இருக்கின்றன. பிளஸ் டூ முடிப்பவர்களுக்குச் சென்னைக் கணிதக் கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு ஆண்டுதோறும் கோடையில் நடக்கிறது. கேள்விகள் கணிதத்தில் இருக்கும். நம் பள்ளிகளில் இதற்கான விண்ணப்ப அறிவிப்பு ஒட்டப்படுவதை நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியர்கள் இந்தப் பக்கத்தையாவது பலகையில் ஒட்டலாம்.